அண்ணன் அசையாமல் நின்ற நொடிகள்

என் அண்ணனின் முகத்தை என்னளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அம்மாகூட இல்லை. பாசத்தால் பார்த்தேன் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். அவனைத் தோற்கடிப்பதற்காகப் பார்த்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனுக்குப் பதினைந்து. கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்த, தவுக்கே என்று நாங்கள் கூப்பிட்ட சீன முதலாளி ஒருவர், கடையின் பின்பாதியைப் பலகையால் தடுத்து வீடியோ கேம் இயந்திரங்களை வாங்கிப் போட்டார். பள்ளிச் சீருடையோடு வந்தால் உள்ளே விடமாட்டார். சட்டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு பனியனோடு வந்தால் விடுவார். சட்டம் என்பதை அவர் அவ்வளவு எளிமையாக வைத்திருந்தார்.

அங்கே கராத்தே சண்டை இயந்திரம் ஒன்று இருந்தது. திரையில் வெள்ளை உடைக்காரன் ஒருவன், சிவப்பு உடைக்காரன் ஒருவன். ஜெயித்தவன் அங்கேயே நிற்பான், தோற்றவன் அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். பையன்கள் பெரும்பாலும் பித்தான்களைப் போட்டு இடித்துக்கொண்டிருப்பார்கள். அண்ணன்தான் முதலில் சூட்சுமத்தைப் பிடித்தான். எதிராளி காலை வீசுவான். நாம் சற்றுப் பின்வாங்கினால் அது காற்றில் போகும். வீசிய காலை அவன் இழுத்துக்கொள்ளும் அந்தச் சிறிய இடைவெளியில் நம் குத்து போய்ச் சேர வேண்டும். முந்தினால் உதை நம் நெஞ்சில் விழும். பிந்தினால் அவன் தடுத்துவிடுவான். இதற்கு நாங்கள் டைமிங் என்று பெயர் வைத்திருந்தோம். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போதே எங்களுக்குப் பெரிய மனிதர்களாகிவிட்ட நினைப்பு வரும்.

தினமும் கடைக்குப் போக வழியில்லை என்பதால் வீட்டிலேயே பயிற்சி செய்தோம். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவோம். ஒருவன் உள்ளங்கையால் மேசையைத் தட்டிவிட்டுக் கையை இழுக்க வேண்டும். மற்றவன் அந்தக் கை திரும்பிப் போவதற்குள் மணிக்கட்டைத் தொட்டுவிட வேண்டும். நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். பிறகு ஒருநாள் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கத் தொடங்கினேன். கை அசைவதற்கு முன்பே முகத்தில் ஏதோ தெரிந்துவிடும். அண்ணனுக்குக் கீழுதடு லேசாக உள்ளே போகும்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில்தான் அது நடந்தது. தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது. அண்ணனின் கண்கள் என் பக்கம் திரும்பியிருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இமைகள் மெல்லத் துடித்தன. எச்சில் விழுங்குவதுபோல் வாய் அசைந்தது. நான் மணிக்கட்டைத் தொட்டு, விரலை அங்கேயே வைத்திருந்தேன். பிறகுதான் கை இறங்கி மேசையைத் தட்டியது.

"எப்படா தொட்ட?" என்றான்.

"இப்பதான். நீ பாக்கலியா?"

"டேய், பலே ஆளுடா நீ."

அவனுக்கு எதுவுமே தெரியவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அடுத்து வந்த வாரங்களில் அது எப்போது வரும் என்று ஆராய்ந்தேன். பள்ளிப் பாடத்தில் நான் அவ்வளவு கவனம் செலுத்தியதில்லை. சரியாகத் தூங்காத நாளில் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எப்போதாவது வரும். ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் அடிக்கடி வரும். இந்தக் கடைசி விஷயத்தை எழுதும்போது விரல் தயங்குகிறது. ஏனென்றால் அதைத் தெரிந்துகொண்டதோடு நான் நிற்கவில்லை.

செந்தூலிலிருந்து ஒரு கூட்டம் எங்கள் கடைக்கு ஆட வருவதாகச் செய்தி வந்தது. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. பிரிக்பீல்ட்ஸ் சார்பில் ஒருவன்தான் நிற்க வேண்டும். அண்ணன்தான் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டிருந்தார்கள். நான் என்னையும் சேர்க்கச் சொன்னேன். சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

"சனிக்கெழம காலையில நாம ரெண்டு பேரும் ஆடலாம். ஜெயிக்கிறவன் நிக்கட்டும்" என்றான்.

அன்று காலை, குவாட்டர்ஸ் வாசலில், "கடை வரைக்கும் ஓட்டப் பந்தயம் வைப்பமாண்ணே?" என்று கேட்டேன். அவன் சந்தோஷமாக ஓடினான். என்னை முந்திக்கொண்டு போய், கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அவனுக்கு இளைப்பாற நேரம் கொடுக்காமல் நான் நேராக இயந்திரத்துக்குப் போனேன்.

நான் திரையைப் பாதிதான் பார்த்தேன். மீதிப் பார்வை அவன் முகத்தில் இருந்தது. கைப்பிடியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் தளர்ந்ததும் குத்தினேன். அவனுடைய சிவப்பு உடைக்காரன் விழுந்தான். முதலில் நேர்மையாக ஆடி இரண்டு அடி வாங்கியிருந்த நான், பிறகு அவனைத் திரும்பத் திரும்ப விழவைத்தேன். ஆட்டம் முடிந்ததும் பையன்கள் கூச்சல் போட்டார்கள். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தவுக்கேயைக் கூப்பிட்டான்.

"தவுக்கே, இந்த மெசின் சரியில்ல. படம் நடுவுல குதிக்குது."

"மெசின் ஓகே லா. ஒன்னோட கை ஸ்லோ" என்றார் தவுக்கே. எங்களோடு பழகி அவருக்குத் தமிழ் வரும்.

"தம்பிகிட்ட அடி வாங்கிட்டு மெசின் மேல பழியப் போடுறான் பாரு" என்றான் ஒருவன்.

"சாக்கு சொல்லாதண்ணே" என்றேன் நான்.

படம் குதிக்கிறது என்று அவன் சொன்னது உண்மை. அவனைப் பொறுத்தவரை அப்படித்தான் இருந்திருக்கும். வெள்ளை உடைக்காரன் ஓரிடத்தில் நிற்கிறான். அடுத்துப் பார்த்தால் வேறிடத்தில் நிற்கிறான், தன் ஆள் கீழே கிடக்கிறான். இடையில் போன நேரம் அவனிடம் இல்லை. தனக்கு என்ன நடக்கிறது என்பதை அவன் வாழ்க்கையில் முதல்முறையாக வெளியே சொன்னது அந்தக் கடையில்தான். கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தோம்.

செந்தூல்காரன் மதியம் வந்தான். ஒல்லிப் பையன், வாயில் மிட்டாய். வந்த வேகத்தில் என்னைத் தோற்கடித்தான். அவன் கண்கள் எங்கேயும் போகவில்லை, கை எங்கேயும் நிற்கவில்லை. என்னிடம் இருந்த டைமிங் என் அண்ணனிடம் மட்டும் செல்லுபடியாகும் டைமிங் என்று அப்போது தெரிந்தது. "பிரிக்பீல்ட்ஸ்ல வேற ஆளே இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வீடு திரும்பும் வழியில் அண்ணன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

"விடுடா. என்னையே அடிச்ச கை. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அந்த வருடம் அவனுக்கு மூன்றாம் படிவத்து அரசாங்கத் தேர்வு. ஆசிரியர் அப்பாவை வரச் சொன்னார். பையன் வகுப்பில் கனவு காண்கிறான், கேள்வி கேட்டால் விழிக்கிறான் என்றார். அப்பா அன்று மாலை அவனை நிற்கவைத்து விசாரித்தார். விசாரணையின் நடுவில் அது வந்தது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இமைகள் துடித்தன, வாய் அசைந்தது.

"நான் பேசிக்கிட்டே இருக்கேன், எங்கடா பாத்துக்கிட்டு நிக்கிற? திமிரா?"

அறை விழுந்தபோது அவன் திடுக்கிட்டுப் போனான். எதற்கு என்றே தெரியாமல் அடி வாங்குகிற முகம் எப்படி இருக்கும் என்பதை அன்று பார்த்தேன். அப்பா கெட்டவர் அல்ல. மகன் தன்னை மதிக்கவில்லை என்று நினைத்தார், அவ்வளவுதான். அது திமிர் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அந்தச் சனிக்கிழமையின் வெற்றியைத் தவிர. சொல்லவில்லை.

அண்ணன் தேர்வில் தவறினான். அந்தக் காலத்தில் அதோடு பள்ளி முடிந்தது. பக்கத்துக் குவாட்டர்ஸ்காரர் ஒருவர் மூலமாக ஷா ஆலத்தில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. காலையில் தொழிற்சாலைப் பேருந்து வரும். ஏறும்போது எனக்குக் கையசைப்பான். நான் படித்தேன். பல்கலைக்கழகம் வரை போனேன். கீழே விழாமல், கை கால் உதறாமல், நின்ற இடத்தில் நின்றபடியே வருகிற வலிப்பு ஒன்று உண்டு என்று அங்கே ஒரு புத்தகத்தில் வாசித்தேன். மூச்சை வேகமாக இழுத்துவிட்டால் அது தூண்டப்படும் என்றும் அதே பக்கத்தில் இருந்தது. மேற்கொண்டு படிக்க முடியாமல் புத்தகத்தை மூடினேன்.

அதற்குள் அண்ணன் கிள்ளான் பேருந்து நிலையத்தில் பெரிய வலிப்பு வந்து விழுந்து, மண்டை உடைந்து, மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருந்தான். இப்போது செமினியில் மகள் வீட்டில் இருக்கிறான். என் பிள்ளைகள் போனால், "ஒங்கப்பா கை வேகம் ஒங்களுக்குத் தெரியாது" என்று ஆரம்பிப்பான். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

ஆனால் பேருந்து நிலையத்துக்கு முன்பே அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

தொழிற்சாலையில் சேர்ந்த சில மாதங்களில் தகடு வெட்டும் இயந்திரத்தில் அவன் இடது கை சிக்கியது. இரண்டு விரல்கள் போயின. கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அம்மாவும் நானும் பேருந்தில் போனோம். அப்பா வெளியே தொழிற்சாலை மேலாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான். டாக்டர் ஒரு நடுவயதுப் பெண், யாழ்ப்பாணக் குடும்பம்.

"கை உள்ள போனதே தெரியேல்லை எண்டு சொல்றார். அதுதான் கேக்கிறன்" என்றார் அம்மாவிடம். "இவர் சில நேரம் அப்பிடியே ஒரு பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறவரோ? கூப்பிட்டாலும் கேக்காமல்?"

அம்மாவுக்கு அது பையனுக்குப் புத்தி சரியில்லையா என்று கேட்பதுபோல் பட்டிருக்க வேண்டும்.

"அப்படியெல்லாம் இல்லீங்க டாக்டர். தெளிவான பிள்ளைங்க. நாளைக்குக் கல்யாணம் கட்டி வைக்கணும்."

"தம்பியக் கேளுங்க டாக்டர்" என்றான் அண்ணன். "அவன்தான் எந்நேரமும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருப்பான்."

டாக்டர் என் பக்கம் குனிந்தார்.

"சொல்லும் ராசா. பயப்பிடாதையும். எப்பவாவது கண்டிருக்கிறீரோ?"

அவர் கேட்பது நான் அண்ணனை எப்படித் தோற்கடித்தேன் என்பதைத்தான் என்று நினைத்தேன். ஆமாம் என்றால் எப்போது, எப்படி என்று கேட்பார். ஓட்டப் பந்தயம் வெளியே வரும். அண்ணன் கேட்டுக்கொண்டிருப்பான்.

"இல்ல டாக்டர். நான் பாத்ததில்ல."

அவர் உடனே நகரவில்லை. என் முகத்தை, நான் அண்ணனைப் பார்ப்பேனே அதுபோல், கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கண்ணை விலக்கவில்லை. பிறகு அவர் நிமிர்ந்து, புண் ஆற வேண்டியதைப் பற்றி அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அண்ணன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

சரியான பதிலைச் சொன்ன மாணவனைப்போல் நான் கட்டிலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அண்ணனுக்குச் சேர வேண்டிய மருந்தும் அவரோடு போகிறது என்பது எனக்குத் தெரியவில்லை.