சுகமாய்த் திரும்பி வரக் கேட்ட பூசை

பெரியதாழையில் அப்பா பிறந்தபோது தாத்தா இத்தாலிப் போரில் இருந்தார். இந்தியப் படையில் பாலம் கட்டும் பிரிவு. மகன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. 'காணவில்லை' என்று ஒரு கடிதம் மட்டும் வீட்டுக்கு வந்தது.

காணாமல் போனவருக்கு இறந்தோர் பூசை வைக்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. ஆண்டுதோறும் அவர் சுகமாய்த் திரும்பி வர வேண்டுமென்றே மாதா கோவிலில் பூசைக்குப் பணம் கொடுத்தார்கள். தாத்தாவுக்கு நூறு வயது கடந்த பிறகும் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அதை விடவில்லை. நாங்கள் கேலிகூடச் செய்திருக்கிறோம்.

அப்பா சிறுவயதில் உப்பளத்தில் சுமந்தார், பிறகு கப்பலேறினார். மில்லர்புரம் வீடு அந்த உழைப்பில் எழுந்தது. முன்கோபக்காரர், ஆனால் உதவி என்று வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அவர் பர்சில் எப்போதும் ஒரு தாள் இருக்கும். படையில் தாத்தாவோடு இருந்து, உயிர் தப்பி ஊர் வந்த கயத்தாற்றுக்காரர் ஒருவர் வரைந்து கொடுத்தது: வட்டத்துக்குள் ஒரு கோடரி. காயம்பட்ட தாத்தாவையும் வேறு மூவரையும் ஆற்றோர மாவு மில்லில் அடைத்துவைத்த ஜெர்மன் காலாட்படை டிவிஷனின் சின்னம் அது.

ஜெர்மனியில் ஒரு துறைமுகத்துப் பழைய புத்தகக் கடையில், அதே கோடரியை அப்பா ஓர் அட்டையில் கண்டார். அந்த டிவிஷன்காரர்களே எழுதிய போர் வரலாறு. ரஷ்யப் பனியில் பாதிப் பேரைப் பறிகொடுத்து, மீதிப் பேரோடு இத்தாலிக்கு வந்த கதை. மாலுமிகளுக்கான பாதிரியார் ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டாராம். அப்பா வற்புறுத்தவே வாசித்தார். நடக்க இயலாத நான்கு இந்தியக் கைதிகளை மில்லிலேயே விட்டார்கள். பின்வாங்கும்போது பாலத்தையும் மில்லையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டே வரி. அடுத்த வரியில் தங்கள் குதிரைகள் செத்ததற்கு வருந்தியிருந்தார்கள்.

ஊர் திரும்பிய அப்பா வாய் திறக்கவில்லை. அதன்பின் நாற்பது ஆண்டுகள், அத்தை கொடுத்த பூசையில் அவர் பக்கத்திலேயே முழந்தாளிட்டார். கடைசி நாள்களில்தான் மூச்சு வாங்க என்னிடம் சொன்னார்: "ஏளா, அக்கா மனச ஒடைக்க எனக்குத் தைரியம் இல்ல. செத்தவருக்கு ஒரு பூசை இல்லாமப் பண்ணிட்டேன். நீ சொல்லிரு."

சுமையை என் தலையில் இறக்கிவிட்டுப் போகிறாரே என்று கோபம் வந்தது. இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அடக்கம் முடிந்த ஏழாம் நாள் அத்தையிடம் சொன்னேன்.

"வெடி வைக்கையில உசுரோட இருந்தாங்களா?" என்று கேட்டார்.

புத்தகத்தில் அது இல்லை என்றேன்.

"இம்புட்டையும் மனசுல வச்சிக்கிட்டு எங்கூட முட்டுப் போட்டிருக்கான் பாரு, பாவிப்பய" என்று அழுதார்.

மருத்துவமனையில் இரவுபகல் உடனிருந்த உறவினர்களுக்கும், கல்லறைத் தோட்டம் வரை அப்பாவைச் சுமந்து வந்த கப்பல் நண்பர்களுக்கும், பெயர் தெரியாத அந்தப் பாதிரியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்பாவின் இந்த ஓராண்டு நினைவுப் பூசைக்குச் சொல்ல அத்தையே கோவிலுக்கு வந்தார். அவரைக் கண்டதும், பூசை நோட்டு எழுதும் உபதேசியார் வழக்கம்போல 'சுகமாய்த் திரும்பி வர' என்று எழுதத் தொடங்கினார். அத்தை நோட்டின்மேல் கையை வைத்தார்.

"அத அடிச்சிரும். எங்க அய்யாவும் தம்பியும் செத்துப்போனாங்க. ரெண்டு பேருக்கும் சேத்து எழுதும்."