என் தொடையில் என் தாளம்

கச்சேரிக்குப் போகிறவள் என்று என்னைப் பார்த்தால் யாருக்கும் தோன்றாது. கோவில்பட்டியில் பிறந்தவள். அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்குப் பார்த்தார். வீட்டில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. கோயில் கொடை வந்தால் நையாண்டி மேளம். இப்போது எனக்கு நாட்டின் தலைநகரில், லோதி ரோட்டில் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை, துவாரகாவில் குடித்தனம். கணவருக்கு விமான நிலையத்தில் வேலை. எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் கர்நாடக சங்கீதம் எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு அது வந்து சேர்ந்தது மெட்ரோவில்.

காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சினிமாப் பாட்டு கேட்டபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் ஃபோன் தன் இஷ்டத்துக்கு வேறொன்றைப் போட்டது. ஒரு பெண் குரல், வார்த்தையே இல்லாமல் எங்கோ ஏறி எங்கோ இறங்கிக்கொண்டிருந்தது. மாற்றலாமென்றால் கூட்டத்தில் கையை அசைக்க முடியவில்லை. ஒரு கை கம்பியில், இன்னொரு கை சாப்பாட்டுப் பையில். வேறு வழியில்லாமல் கேட்டேன். பிறகு வழி கிடைத்தும் கேட்டேன். மண்டி ஹவுஸில் இறங்கி வண்டி மாற வேண்டியவள், ரயில் யமுனையைத் தாண்டும்போதுதான் வெளியே பார்த்தேன். அது என்ன ராகம் என்று அன்றைக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள முடியாதவள் இல்லை. வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சபா இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட அரங்கில் கச்சேரி வைப்பார்கள். நான் போக ஆரம்பித்தேன். புது முகம் என்பதால் விசாரிப்பு பலமாக இருந்தது. யாரிடம் பாட்டு கற்றுக்கொண்டீர்கள், உங்கள் வீட்டில் யார் பாடுவார்கள், பெண் பாடுவாளா. யாருமில்லை, எனக்கு ஒரே பையன், அவனும் பாட மாட்டான் என்றேன். “அப்படியா,” என்றார்கள். அந்த அப்படியாவில் எனக்கு ஒரு நாற்காலி கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடப்பட்டது.

நான் அதையெல்லாம் பெரிதுபடுத்தவில்லை. பாட்டு இருந்தது, போதும். முன் வரிசைக்காரர்கள் தொடையில் தாளம் போடுவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். உள்ளங்கையால் ஒரு தட்டு, விரல் விரலாக எண்ணுவது, கையைத் திருப்பி ஒரு வீச்சு. எத்தனை பேர் போட்டாலும் அத்தனை கையும் ஒன்றாக விழும். பார்த்துப் பார்த்து நானும் போட ஆரம்பித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பாட்டு என்னை எங்கே தட்டச் சொன்னதோ அங்கே தட்டினேன்.

போன குளிர்காலத்தில் ஒரு கச்சேரி. பாடகி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பாடினார். ஒவ்வொரு தடவையும் அது வேறாக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. அப்போது பக்கத்து நாற்காலி மாமி என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். சபா ஆரம்பித்த நாளிலிருந்து வருகிறவர், எல்லோருக்கும் தெரிந்தவர். நான் அழுவதைப் பார்த்து ஆறுதல் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“தப்பா போடறேள்,” என்றார் மெதுவாக. “பக்கத்துல இருக்கறவாளுக்குக் குழப்பமா இருக்கு. சும்மா கேளுங்கோ, போறும்.”

சொல்லிவிட்டுக் கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அந்தப் பாட்டு முடிகிறவரை என் கை அவர் கைக்கடியில் கிடந்தது. எனக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. அலுவலகத்தில் என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு. குழந்தையின் கையைப் பிடித்து வைப்பதுபோல என் கையை ஒருத்தர் பிடித்து வைத்திருக்கிறார், நானும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை. உடம்பெல்லாம் கூசியது.

வீட்டில் வந்து சொன்னேன். கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “உனக்கு என்னத்துக்கு இந்த வேலை? நம்ம வீட்ல யாரு பாட்டுப் படிச்சா?” என்றார். பையன், “மம்மி, ச்சோடோ நா. போர் மியூசிக்,” என்று, விட்டுத் தள்ளச் சொல்லி இந்தியில் தன் தீர்ப்பைச் சொன்னான். அந்த வாரம் ஊரிலிருந்து பேசிய அண்ணனிடமும் சொன்னேன்.

“அது அவங்க பாட்டு, தாயி. நாம என்னத்துக்கு அங்க போயி அசிங்கப்படணும்?” என்றான்.

மாமிமேல் வந்ததைவிட அண்ணன்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வந்தது. மாமி என் கையைத்தான் பிடித்தார். இவன் காதையே பொத்தச் சொல்கிறான்.

“யாரு பேர்ல பட்டா போட்டிருக்கு அந்தப் பாட்டு?” என்று கேட்டேன். “என் காது, நான் கேக்கேன். அவங்களும் எந்திரிச்சுப் போன்னு சொல்லுதாங்க, நீயும் அதையேதான் சொல்லுத.”

அவன் பேச்சை மாற்றிக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தான்.

இந்தக் காலத்தில் கச்சேரி கேட்க ஏன் ஆளில்லை என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். பொறுமை இல்லையாம். இந்த ஊர் டிராஃபிக்கில் தினமும் உட்கார்ந்து வீடு திரும்புகிற சனங்களுக்குப் பொறுமை இல்லையென்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை. பாஷை புரியவில்லையாம். என் பையன் நாளெல்லாம் கொரியப் பாட்டு கேட்கிறான். அதில் என்ன புரிந்துவிட்டது அவனுக்கு? சாப்பிட வந்தவரிடம் உனக்குச் சமைக்கத் தெரியுமா, உங்கள் வீட்டில் யார் சமைப்பார் என்று எந்த ஓட்டலிலும் கேட்பதில்லை. கச்சேரியில் கேட்கிறார்கள். கேட்டால் மனுஷன் எப்படித் திரும்பி வருவான்? என் கணவருக்கு இந்தப் பாட்டு பிடிக்காது. அவரோடு எனக்குச் சண்டையில்லை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்கிறார். கேட்டே பார்க்காமல், நமக்கில்லை என்று ஒதுங்குகிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது. ஒதுக்குகிறவர்களும் ஒதுங்குகிறவர்களும் சேர்ந்துதான் அந்த நாற்காலிகளைக் காலியாக வைத்திருக்கிறார்கள்.

அடுத்த கச்சேரிக்குப் போக வேண்டாம் என்றுதான் உண்மையில் நினைத்திருந்தேன். அதற்குள் சபாவின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர், கூட்டம் ஏன் குறைந்துகொண்டே போகிறது, எல்லோரும் கருத்துச் சொல்லுங்கள் என்று போட்டார். குளிர்காலப் புகை, பார்க்கிங், குழந்தைகளுக்குப் பரீட்சை என்று வந்தது. இந்தத் தலைமுறைக்கு ரசனை இல்லை என்று ஒருவர் எழுத, கட்டைவிரல்கள் குவிந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. நடந்ததை மாமியின் பெயர் சொல்லாமல் எழுதினேன். கடைசியில், ‘எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது, பாட்டு பிடிக்கும், எனக்கு இங்கே இடம் உண்டா இல்லையா’ என்று கேட்டு அனுப்பினேன்.

பொழுது விடிந்தால் பூங்கொத்தும் கைகூப்புமாக இருக்கிற குழு, வாயைத் திறக்கவில்லை. பக்கத்து செக்டார் பெண் ஒருத்தி மட்டும் தனியாகச் செய்தி அனுப்பினாள். ராகத்தின் பேரைத் தப்பாகச் சொல்லி ஒரு வரிசையே தன்னைப் பார்த்துச் சிரித்ததாம், அதோடு நிறுத்திவிட்டாளாம். சாயங்காலம் செயலாளர் ஃபோன் செய்தார்.

“அச்சா மேடம், நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா அந்த மெசேஜை டெலீட் பண்ணிடுங்களேன். யாருன்னு எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு. பெரியவங்க, மனசு கஷ்டப்படுவாங்க.”

“என் மனசு கஷ்டப்பட்டதைத்தான் சார் எழுதியிருக்கேன். அது இருக்கட்டும்.”

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. “கச்சேரிக்கு வருவீங்கதானே?”

“வருவேன். முன் வரிசைக்கு,” என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் போவதென்று எனக்கே முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது கணவரும் சட்டையை மாட்டிக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, “சும்மாதான்,” என்றார். காவலுக்கு வருகிறார் என்று தெரிந்தது. முன் வரிசையில் போய் உட்கார்ந்தோம். இன்றைக்கும் ஒரு கை வந்து விழுந்தால் இனிமேல் இந்த வாசலை மிதிக்க என்னால் முடியாது என்று தெரியும். எத்தனையோ நாற்காலி காலியாக இருக்க, மாமி நேராக வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“நீங்க எழுதினது என்னைத்தானே?” என்றார்.

“ஆமா.”

“தப்பா போட்டா தப்புன்னுதானே சொல்ல முடியும்? தாளம்னா விளையாட்டா?”

“தப்பாத்தான் போடுதேன், மாமி. எனக்கும் தெரியும். நான் கேக்க வந்திருக்கேன், பரீட்சை எழுத வரலை. இனிமே என் கையைத் தொடாதீங்க.”

மாமி மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாட்டு தொடங்கியதும் நான் கையைத் தொடையில் வைத்தேன். முதல் பாட்டுக்கு விரல் அசைய மறுத்தது. இரண்டாவது பாட்டில் தானாகத் தட்ட ஆரம்பித்தது. மாமி விறைத்து உட்கார்ந்திருந்தார், தொடவில்லை. அவர் கை சுத்தமாகத் தாளம் போட்டது, என் கை தன் போக்கில் போனது. என் கணவர் பாதியிலேயே தூங்கிவிட்டார்.

பெரிய பாட்டு ஒன்றை முடிக்கிற இடத்தில் பாடகரும் வயலின்காரரும் நிறுத்திக்கொள்ள, மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கிற நேரம் வரும். தனி ஆவர்த்தனம் என்பார்கள். பாட்டே கிடையாது, முழுக்க முழுக்கத் தாளம்தான். மிருதங்கம் எழும்பியதும் முன் வரிசை மொத்தமும் எழும்பியது. வெளியே வராந்தாவில் காபியும் போண்டாவும் போடுகிற நேரம் அது. எல்லா மாதமும் இப்படித்தான். மாமியும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்க போறீங்க, மாமி?” என்றேன். “இப்பத்தானே தாளமே ஆரம்பிக்குது.”

“தனிதானே. லேட்டாப் போனா க்யூ நிக்கணும்,” என்றார். அவர் முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. “உங்களுக்கும் ஒரு காபி வாங்கிண்டு வரட்டுமா?”

“வேண்டாம். நான் கேக்கணும்.”

போய்விட்டார். தாளம் தெரிந்தவர்கள் எல்லோரும் வராந்தாவில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் தூங்குகிற என் கணவரும் நானும் மட்டும் இருந்தோம். மிருதங்கக்காரர் தலை நிமிராமல் வாசித்தார். நான் கையைத் தூக்கித் தொடையில் போட்டேன். தப்பாகத்தான் விழுந்திருக்கும். பிடித்து நிறுத்த அந்த வரிசையில் யாரும் இல்லை. இன்னும் பலமாகப் போட்டேன்.