ஒரு விரலுக்கு மூன்று கிழமை லீவு

என் வலது கைச் சுட்டுவிரல் நுனியில் ஒரு பாலுண்ணி இருந்தது. பதினொரு வருடமாக நானும் அதுவும் சண்டை சச்சரவில்லாமல்தான் இருந்தோம். கனடாவில் இருக்கும் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தபிறகுதான் அதற்குக் கெட்ட காலம் பிறந்தது. அவளுடைய பிள்ளைப்பேறுக்கு நானும் கணவரும் போக வேண்டும். விசாவுக்காகக் கொழும்பில் பத்து விரல் அடையாளமும் கொடுக்க வேண்டும். பாலுண்ணி உள்ள விரலை மெசின் எடுக்காது என்று யாரோ மகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மகள் சொன்னால் அவளுடைய அப்பாவுக்கு அது அரசாங்க அறிவித்தல் மாதிரி.

கொழும்புப் பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது அவர் என்னைத் தோல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் புகை பறக்கும் ஏதோ ஒரு திரவத்தைப் பஞ்சில் தொட்டு விரலில் வைத்தார். குளிராக இருக்கும் என்றார். எனக்கு நெருப்பு வைத்தது போலத்தான் இருந்தது. இரண்டு பிள்ளை பெற்றவள், ஒரு விரல் நுனிக்காகக் கத்தி மானத்தை வாங்கினேன்.

கொப்புளம் வரும், இரத்தம் கட்டியும் வரலாம், உடைக்கக் கூடாது என்றார் டொக்டர். நாள்தோறும் சவர்க்காரம் போட்டு மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, பெற்றோலியம் ஜெலி பூசிப் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். பொருக்குக் கட்டினால் அது தானாக விழும்வரை நோண்டக் கூடாது. இதையெல்லாம் டொக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எழுதி எடுத்தது என் கணவர்.

அவர் சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தில் முப்பது வருடம் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு பொறுப்பெடுக்க ஒரு சாமானும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு என் விரல் கிடைத்தது. மறுநாள் கறுத்த கொடிமுந்திரிப்பழம் அளவுக்குக் கொப்புளம் எழும்பியிருந்தது. அன்றிலிருந்து காலை ஆறரைக்கு என்னை ஜன்னலடிக்குக் கூப்பிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலைப் பார்ப்பார். படம் எடுத்து மகளுக்கு அனுப்புவார். அவளும் விழுந்தடித்துக்கொண்டு "அப்பா, விரல் எப்பிடி?" என்று கேட்பாள். நான் எப்படி என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா, குதிரை மயிரால் இறுக்கிக் கட்டியிருந்தால் பாலுண்ணி தானாக விழுந்திருக்கும் என்றார். திருகோணமலையில் தெருவுக்குத் தெரு மான் நிற்கிறது, குதிரைக்கு நான் எங்கே போக? பக்கத்து வீட்டு ராத்தா ஒரு படி மேலே போய், கொப்புளத்தில் குத்தி நீரை எடுத்தால் சுகம் என்று ஊசியும் கையுமாகவே வந்துவிட்டார். என் கணவர் கேற்றை மறித்துக்கொண்டு நின்று அவரோடு அரை மணித்தியாலம் மழையைப் பற்றிக் கதைத்து அனுப்பிவிட்டார்.

லீவு விரலுக்குத்தான், எனக்கு இல்லை. பிளாஸ்டர் நனையாமல் விரலில் ஒரு பொலித்தீன் பையைச் சுற்றி றப்பர் பாண்ட் போட்டுவிடுவது அவருடைய வேலை. போட்டுவிட்டு, இனிப் பயமில்லாமல் சமைக்கலாம் என்பார். அந்த ஒரு விரலை மேலே நீட்டிக்கொண்டு மற்ற ஒன்பதாலும் தேங்காய் துருவினேன், மீன் செதில் எடுத்தேன், சட்டி தேய்த்தேன். எந்நேரமும் விரலை நீட்டிக்கொண்டு கதைத்ததால் நான் எல்லோரையும் அதட்டுவது போல இருந்ததாம். பாதிப் பேரை உண்மையாகவே அதட்டினேன்.

பத்தாம் நாள் பாரை மீன் வெட்டும்போது கத்தி வழுக்கி இடது பெருவிரலில் ஆழமாகப் பட்டுவிட்டது. கத்தினேன். முன்னறையிலிருந்து ஓடிவந்தவர் என் வலது கையைப் பிடித்து, பொலித்தீனையும் பிளாஸ்டரையும் கழற்றி, கொப்புளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது கையிலிருந்து இரத்தம் குசினி நிலத்தில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

"நல்ல காலம், ஒண்டும் நடக்கேல்ல," என்றுவிட்டுத் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார்.

மீன் தலையை எடுத்து எறிந்திருப்பேன். குழம்புக்குத் தேவைப்பட்டதால் விட்டேன்.

பதினெட்டாம் நாள் பொருக்கு விழுந்தது. உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல், பாலுண்ணி இருந்த சிலமனே இல்லை. அவர் அதையும் படம் எடுத்தார்.

கொழும்பில் விசா நிலையத்தில் அடையாளம் எடுத்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. முதலில் என் கணவர் கையை வைத்தார். பத்து விரலும் அச்சடித்தது போல விழுந்தன. அவர் தலையை நிமிர்த்திக்கொண்டு நகர்ந்தார். பிறகு நான் வைத்தேன். அந்தப் பிள்ளை திரையைப் பார்த்தாள், துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். கழுவிவிட்டு வரச் சொன்னாள். கண்ணாடியில் அழுத்தி அழுத்தி வைத்தேன். நாலு தரம் ஆயிற்று. மகள் அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கிடக்க, நான் இங்கே நிற்பேனோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"சுட்டுவிரல் வரேல்லையோ?" என்று கணவர் பதறிக்கொண்டு கேட்டார்.

"அது ஒண்டுதான் ஐயா வடிவா வந்திருக்கு. மற்ற ஒன்பதிலயும் ரேகை இல்ல, தேஞ்சுபோச்சு." அவள் என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்கள் சீமெந்து வேலை ஏதும் செய்யிறனீங்களோ?"

நான் வாய் திறக்கமுதல் அவர் பதில் சொன்னார். "சீச்சீ. வேலையொண்டும் இல்ல பிள்ளை. வீட்டில சும்மாதான் இருக்கிறா."

எனக்குப் பயமெல்லாம் போய் ரோசம் வந்தது.

"சும்மா இருந்தே ஒன்பது விரல் தேஞ்சுபோச்சு," என்றேன். "வேலையும் செய்திருந்தா கை இருந்திராது."

அந்தப் பிள்ளை குனிந்து சிரித்தாள். பயப்பட வேண்டாம், ரேகை விழவில்லை என்று குறிப்பெழுதி அனுப்பலாம், இப்படிக் கன அம்மாமார் வருகிறார்கள் என்றாள். அவள் சொன்னபடியே பிறகு இரண்டு பேருக்கும் விசா வந்தது.

வெளியே வந்து பஸ் தரிப்புக்கு நடந்தோம். அங்கே சீமெந்துக் கட்டின்மேல் இருந்தபிறகு அவர் என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் விரித்து வைத்துக்கொண்டார். பெருவிரலில் கத்தி பட்ட வடு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"எப்ப இருந்து இப்பிடி?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. எப்போதிருந்து என்று எனக்கே தெரியவில்லை.

"நீங்களும் பாக்கேல்ல, நானும் பாக்கேல்ல," என்றேன். "மெசின்தான் பாத்தது."