இரண்டு ஆணியும் ஒரு நூலும்

"இந்த விளிம்பை இன்னும் கொஞ்சம்…" என்று சொல்லிவிட்டு இழைப்புளியைக் கையில் எடுக்கிறார் தச்சர். கொஞ்சம் என்ன செய்ய வேண்டும் என்பது அவர் வாயிலிருந்து வராது. வாக்கியத்தைத் தொடங்கி வைப்பது அவர் பொறுப்பு. முடித்து வைப்பது மனைவியின் பொறுப்பு. மணமான நாளிலிருந்து நடைமுறை இதுதான்.

பழம்பாட்டுக்கு உரை வகுத்தோர் இதை, கேட்பவரே நிரப்பிக்கொள்ள விட்ட சொல்லெச்சம் என்று போற்றியிருப்பார்கள். பட்டறைக்கு வருகிறவர்களும் மனைவியின் வாயாடி அக்காவும் திமிர் என்கிறார்கள். ஆனால் அவர் செய்த நீள்வட்ட மேசையின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தவர்கள் அதன்பின் வாய் திறப்பதில்லை. எங்கே தொடங்கினோம் என்பதே விரலுக்கு மறந்துபோகும்.

இப்போது மனைவிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மருத்துவர் சொல்லும்வரை ஒரு சொல்லும் பேசக் கூடாது. அதற்குப் பிறகாவது குரல் திரும்புமா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றாராம் மருத்துவர்.

நேற்று, மேசைக்குச் சொல்லியிருந்த கணக்கு டீச்சர் வந்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மேசையை…" என்றார் தச்சர்.

"தருவீங்களா, மாட்டீங்களா? மிச்சத்தையும் சொல்லிடுங்கண்ணே."

மூலையிலிருந்த மனைவி, தருவார் என்று தலையசைத்தார். டீச்சர் சிரித்துவிட்டார். "நீள்வட்டத்துக்கும், இப்படிப் பாதியில நிக்கிற பேச்சுக்கும் கிரேக்க மொழியில ஒரே சொல்லுதான். குறையுறதுன்னு அர்த்தம். உங்களுக்குன்னே வச்ச மாதிரி இருக்கு."

"குறையா? என் வேலையில குறைன்னு இதுவரைக்கும் யாராவது…" என்று தச்சர் வழக்கம்போல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வழக்கம்போல் மனைவியும் வாயைத் திறந்துவிட்டார். உடனே கையால் பொத்திக்கொண்டார். அந்த வாக்கியம் அப்படியே நின்றது.

டீச்சர் போனபின் தச்சர் நீள்வட்டம் வரையப் பலகையில் இரண்டு ஆணிகளை அடித்து, நூல் வளையத்தை மாட்டினார். ஆணிகள் ஆடாமல் மனைவி இரு கை விரல்களாலும் அழுத்திக்கொண்டார். பென்சில் நூலை இழுத்தபடி நகர்ந்தது. ஓர் ஆணியின் பக்கம் நூல் குறையக் குறைய, மற்றதன் பக்கம் அவ்வளவும் நீண்டது.

பாதி வளைவில் பென்சில் நின்றது.

"உனக்குக் குரல் வரலேன்னா…"

மனைவி காத்திருந்தார்.

"வரலேன்னா, ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கிறேன். உன் அக்காகிட்டகூட."

சத்தமில்லாத சிரிப்பில் மனைவியின் தோள்கள் குலுங்கின. ஆணிமேலிருந்த விரல்கள் மட்டும் அசையவே இல்லை.