கிளட்ச் போன காலையில் என் கணவர் பேசினார்

முருகனை நம்பி வாழும் அன்பர்களுக்கு, ராயக்கோட்டையிலிருந்து செல்வி எழுதுகிறேன். சென்ற ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு நடந்ததை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஓசூர்க் கம்பெனி ஒன்றில் நான் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். என் கணவர் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று நாள் கிருஷ்ணகிரியில் டயாலிசிஸ். அவரை அழைத்துப் போவதற்காகவே நான் நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எங்கள் கார் மிகவும் பழையது.

நோயைவிட அவருடைய மௌனம்தான் என்னை வாட்டியது. காரில் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் எப்படி ஓட்டுகிறேன் என்றுகூடப் பார்க்க மாட்டார். அத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்தவர், ஒரு வார்த்தை திருத்த மாட்டார்.

போதாததற்கு நானும் அவரை நோகடித்தேன். அவர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அளவு உண்டு. என் தண்ணீர் பாட்டில் என் பக்கத்துக் கதவில் இருக்கும். ஒரு வாரமாக என் காலடியில் மேட் ஈரமாக இருந்தது. நான் மருந்து வாங்க இறங்கும்போது அவர் எட்டி எடுத்துக் குடிக்கிறார், சிந்துகிறது என்று நினைத்தேன். சனிக்கிழமை அதைச் சொல்லிக் கத்திவிட்டேன். “நான் குடிக்கல” என்றார் ஒரே ஒரு தடவை. அதன் பிறகு பேச்சே இல்லை.

திங்கட்கிழமை அவர் கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது. செவ்வாய் விடியும்போது கிளம்பச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “போதும் செல்வி. இனிமே வரல. விட்ரு.”

எனக்கு உலகமே நின்றுபோனது போல இருந்தது. பூஜை மாடத்துக்கு முன்னால் போய் நின்றேன். நான் நோயைக் குணமாக்கு என்று கேட்கவில்லை. “முருகா, அவருக்கு வாழணும்னு ஒரு ஆசையைக் கொடு. அது என்னால முடியல” என்று மட்டும் கேட்டேன். அவர் நெற்றியில் திருநீறு பூசி, கையைப் பிடித்துக் காரில் ஏற்றினேன். எதிர்க்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை.

ஊரைத் தாண்டிப் பாதித் தூரம் போயிருப்போம். ஒரு வளைவில் கியர் குறைக்கக் கிளட்சை மிதித்தேன். பெடல் தரைவரை போய் ஒட்டிக்கொண்டது. திரும்பி வரவில்லை. பின்னால் கல் ஏற்றிய லாரி ஹாரன் அடித்தது. “முருகா” என்று ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்துப் பிரேக்கை மிதித்தேன். கார் குலுங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றது.

ஆம்புலன்சுக்கு அழைக்கப் போனை எடுத்தேன். அப்போதுதான் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“மிதிச்சப்ப டக்குன்னு சத்தம் கேட்டுச்சா?”

திரும்பிப் பார்த்தேன். அவர் என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லங்க. சத்தமே இல்ல.”

“கேபிள் அறுந்திருந்தா சத்தம் வரும். பெடலைக் காலாலயே தூக்கிவிடு. இப்ப மறுபடி மிதி. எப்படி இருக்கு?”

“மெத்துன்னு போகுதுங்க. ஒண்ணுமே இல்லாத மாதிரி.”

“அப்ப ஆயில் இறங்கிருச்சு. குனிஞ்சு பெடலுக்கு மேல கை வச்சுப் பாரு.”

கை வைத்தேன். விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. மேட்டையும் தொட்டேன். அதே எண்ணெய்தான். ஒரு வாரமாக நான் தண்ணீர் என்று நினைத்தது இதைத்தான்.

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. “நீங்க குடிக்கலங்க. நான்தான் அநியாயமாப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க.”

“அது கிடக்கட்டும். முதல்ல பிரேக்கை மிதி. கல்லு மாதிரி நிக்குதா?”

“நிக்குது.”

“அப்ப பயமில்ல. பானட்டைத் திற.”

அவர் இறங்கிக் கதவைப் பிடித்தபடியே மூச்சு வாங்க முன்னால் வந்தார். பிரேக் ஆயில் டப்பா நிறைந்திருந்தது. பக்கத்திலிருந்த கிளட்ச் டப்பா காலி. “மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ல வாஷர் போயிருக்கு. வண்டிக்கு உள்பக்கமாவே கசியுது” என்றார்.

எதிரே ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போன பிக்கப் வண்டி ஒன்று எங்களைப் பார்த்து நின்றது. டிரைவர் போனில் தெலுங்கில் யாரிடமோ பேசியபடியே இறங்கி வந்தார். “இன்னாக்கா ஆச்சு? வண்டி நின்னுபோச்சா?”

என் கணவர்தான் பதில் சொன்னார். “தம்பி, பிரேக் ஆயில் இருக்கா? கிளட்சுக்கும் அதே ஆயில்தான் ஊத்தணும்.”

அந்த டிரைவரிடம் பாதி பாட்டில் இருந்தது. அவரே ஊற்றினார். நான் பெடலைப் பத்திருபது தடவை மிதித்த பிறகு கொஞ்சம் பிடிப்பு வந்தது. “ஏலத்துக்கு நேரமாச்சேப்பா, நீ போ” என்றார் என் கணவர். “இருக்கட்டும்ணா. மொதல்ல நீங்க கெளம்புங்க, பார்த்துட்டுப் போறேன்” என்றார் டிரைவர்.

“இது நாலஞ்சு மிதிக்குத்தான் தாங்கும். டவுனுக்குள்ள வேணும், இப்ப செலவழிக்காத” என்றார் என் கணவர். கிளட்ச் இல்லாமல் எப்படிக் கிளம்புவது? எஞ்சின் நின்றிருக்கும்போதே முதல் கியரில் போடச் சொன்னார். சாவியைத் திருப்பினேன். கார் ஒரு குதி குதித்து நகர்ந்தது. பிக்கப் டிரைவர் கை தட்டியது கண்ணாடியில் தெரிந்தது.

கியர் மாற்ற அவர் தன் வலது கையை என் கைமேல் வைத்தார். “ஆக்சிலேட்டர விடு. எஞ்சின் சத்தத்தைக் கேளு. இரு… இரு… இப்ப.” கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. மேட்டில், இறக்கத்தில், ஒவ்வொரு கியருக்கும் அந்தக் கை என் கைமேல் இருந்தது. அந்தக் கைக்கு இன்னும் இவ்வளவு உறுதி இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கல்யாணமான புதிதில்தான் அவர் அவ்வளவு பேசிக் கேட்டிருக்கிறேன்.

கிருஷ்ணகிரியில் நெரிசலில் நான்கு முறை கிளட்சை மிதித்தேன். நான்கு முறையும் பிடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஐந்தாவது முறை மிதித்தபோது பெடல் தரையோடு போய்விட்டது. கார் குலுங்கி நின்றது. நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம்.

சிகிச்சை முடிந்து மதியம் வெளியே வரும்போது, அவர் என்னை விட்டுவிட்டு நர்ஸ் இருந்த மேஜைக்குப் போனார். “வியாழக்கிழமை எத்தனை மணிக்கும்மா வரணும்?” என்று கேட்டார். இரண்டு வருடத்தில் அவராக அதைக் கேட்டது அதுதான் முதல் முறை. நான் சுவரோரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

என் கணவருக்கு நோய் தீரவில்லை. டயாலிசிஸ் தொடர்கிறது. ஆனால் இப்போது அவரே சீக்கிரம் கிளம்பச் சொல்கிறார். வார்டில் புதிதாக வருகிறவர்கள் பயந்து உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுக்கிறார். நான் காரணம் கேட்காமல் யாரையும் குற்றம் சொல்வதில்லை.

நான் கேட்டதை முருகன் கொடுத்தான். நான் நினைத்த வழியில் அல்ல. ஒரு பழைய காரைப் பழுதாக்கி, அதன் வழியாகக் கொடுத்தான். அன்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது பேச்சற்று, ஆசையற்று உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்காக அவனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு வழக்கம்போல வண்டியைக் கிளப்புங்கள். பாதி வழியில் எது நின்றுபோனாலும் கலங்காதீர்கள். அவன் அங்கேயும் இருக்கிறான்.