கால் எட்டுகிற சைக்கிள்

வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் அவள். வயது நாற்பதைத் தாண்டியும் அண்ணனுக்கு அவள் "பொடிசு"தான். செருப்போ மழைக்கோட்டோ, அவளுக்கு எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாகவே வாங்குவான். இனிமேல் வளர்ந்துவிடுவாள் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ! சைக்கிளும் அப்படி வந்ததுதான். போன வாரம் அதிலிருந்து இறங்கும்போது தரை எட்டாமல் சரிந்து, மணிக்கட்டு பிசகிவிட்டது. இன்னொரு முறை விழுந்து கை போனால் பிழைப்பும் போச்சு.

அண்ணனோடு சைக்கிள் கடைக்குள் நுழைந்ததுமே ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறியது. அது போதாதென்று கடைக்காரரின் இளிப்பு வேறு. அவளைத் தலை முதல் கால் வரை அளந்துவிட்டு, ரோஸ் கலரில் குஞ்சம் தொங்கும் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஸ்கூல் பாப்பாங்கல்லாம் இதைத்தான் வாங்குறாங்க."

"எனக்குத்தாங்க வேணும்."

அண்ணன் ஒரு பெரிய சைக்கிளைக் காட்டினான். கடைக்காரர் அதன் சீட்டை அடிவரை இறக்கினார். சீட்டு இறங்கியதே தவிர ஹேண்டில் கிட்டே வரவில்லை. அவள் ஏறி உட்கார்ந்தபோது பிரேக்கைப் பிடிக்க விரல் எட்டவில்லை, முட்டி வயிற்றில் இடித்தது.

"பழகிடும் பொடிசு," என்று அவளைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைக்க வந்தான் அண்ணன்.

"கையை எடு."

இறங்கிக் கடையின் பின்பக்கம் போனாள். தூசி மூடிக் கிடந்தது ஒன்று. பெரியவர்களுக்கானதுதான், உடம்பு மட்டும் சின்னது. பாருக்கு மேலே காலை விரித்து நின்றாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. பிரேக் விரலுக்குள் அடங்கியது.

"இதைக் காட்டுறதுக்கு என்னங்க?"

"யாரும் கேக்கறதில்லைம்மா," என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"இதுல நீ போனா ஊரே சிரிக்கும்," என்றான் அண்ணன். "குள்ளக் குடும்பம்னு பேசுவாங்க."

அவள் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். அவனும் அவளைவிட நாலு விரல்தான் உயரம்.

"உன் சைக்கிள்ல உனக்கும் கால் எட்டாது, அண்ணா. அதான் எங்க போனாலும் சுவரோ கம்பமோ பார்த்து நிறுத்துற."

அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. கடைக்காரருக்குக் கேட்காதபடி அவள் பக்கம் குனிந்தான்.

"வீட்டுல அண்ணிகிட்ட சொல்லிடாத."

பிசகிய கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு அருவருப்பில் உடம்பு கூசியது. கடைக்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, தூசியைக்கூடத் துடைக்காமல் அந்தச் சைக்கிளை அவள் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போனாள்.