சும்மா கேட்டுக்கொண்டிருந்த பெட்டிகள்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், ஒரு மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, இலங்கை மலையகத்தில் ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் தொழில்நுட்பம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிநிற்கும் ஒரு லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் வெடிப்பு விழுந்திருந்தது. மண் அசைந்தால் எச்சரிக்க, சரிவு நெடுகச் சிறு பெட்டிகளை நட்டேன். ஒரு பெட்டி கம்பியில்லாமல் அனுப்பும் செய்தியை அடுத்த பெட்டி வாங்கிக் கீழே அனுப்பும். கடைசியில் லயத்து முனையில் சங்கு ஊதும்.

பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை லயத்தின் கடைசி வீட்டில் இருந்த, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்மணியிடம் தோட்டத்தார் கொடுத்தார்கள். மழைக்காலம் முழுக்க உழைக்கும் என்று நான் பெருமையடித்த பற்றரிகள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. புதிது போட்டேன், அவையும் செத்தன. நல்லதைக் கழற்றித் தன் வீட்டு ரேடியோவுக்குப் போட்டுக்கொண்டு, பழையதை அவர் வைத்துவிடுகிறார் என்று நானே முடிவுகட்டினேன். காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும் களத்தில், எல்லோர் முன்னிலும் அதைச் சொன்னேன்.

அவர் அழவில்லை. "எங்கூட்டு ரேடியோ ஒடஞ்சு கெடக்குதுங்க. வந்து பாருங்க" என்றார்.

நான் போகவில்லை.

அன்று மாலையே லயத்து ஆட்கள் பெட்டிகளைப் பிடுங்கி, சாக்கில் கட்டி, கங்காணியிடம் கொடுத்தனுப்பினார்கள். ஒன்றிலும் கீறல்கூட இல்லை.

பதுளையில் அவற்றை மேசைமேல் வைத்து அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடுத்த பெட்டி எப்போது பேசுமோ என்று ஒவ்வொன்றும் இரவு பகலாகக் காதைத் திறந்துவைத்துக் காத்திருந்தது. பேசுவதற்கு ஆகும் மின்சாரம், ஏறக்குறைய அந்தக் காத்திருப்புக்கும் ஆனது. பற்றரியைத் தின்றது நான் எழுதிய விதிமுறை.

மாற்றி எழுதினேன். மண்ணைக் கவனிக்கும் பகுதி மட்டும் விழித்திருக்கும். செய்தி வாங்கும் பகுதி தூங்கும். குறித்த சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லாப் பெட்டிகளும் ஒன்றாக விழித்து, முறைவைத்துப் பேசிவிட்டுத் திரும்பத் தூங்கும்.

ஆனால் அவற்றை மறுபடி நட லயம் சம்மதிக்க வேண்டுமே. மழையும் தொடங்கிவிட்டது. அதே பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். "பிழை என்ர. இவ ஒண்டும் எடுக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

பெட்டிகள் இனி இடையிடையே தூங்கும் என்றும் சொன்னேன். அந்தப் பெண்மணிதான் கேட்டார்: "பொட்டியெல்லாம் தூங்கிருச்சுன்னா, மல எறங்கி வர்றப்ப யாருங்கய்யா முழிச்சிருப்பா?"

விளக்கினேன்.

"அப்ப இதுவும் பெரட்டு மாதிரிதான். பேர் கூப்பிடுறப்ப வந்து நின்னாப் போதும்."

"இந்தப் பெரட்டுலயாவது களவுப் பட்டம் கட்டாம இருப்பாங்களா?" பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கேட்டார். களமே சிரித்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

"சரி, பொட்டிய நட்டுக்கங்க. ஆனா இனிமே பெட்டரிய நீங்களே மாத்துங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துக்குறேன்" என்றார் அவர்.

அந்த மழையில் ஒரு பிற்பகல், சங்கு ஊதியது. பலர் தயங்கி நின்றார்களாம். அவர்தான் முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டப் பாடசாலைக்கு நடந்தார். லயமே பின்னால் போயிற்று. இருட்டுவதற்குள் கடைசி வீட்டின் பின்சுவரை மண் தள்ளிவிட்டது. உள்ளே யாருமில்லை.

அந்தச் சங்குக்காக என்னைப் பாராட்டியவர்கள் உண்டு. தன்மீது களவு சொன்னவனின் சங்கை நம்பி எழுந்து நடந்தவர் அவர். இந்த வயதில் முழங்கால் வலித்தாலும், "வந்து பாருங்க" என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து போய்ப் பார்த்துவிடுகிறேன்.